அலை உடையாத இடம்

பெருநாள் மாலையில் குடும்பத்தோடு கடற்கரைக்குச் செல்வது நம் மக்களிடையே நெடுநாளைய வழக்கம். புத்தாடை நனையாமல் மணலில் அமர்ந்து சுண்டலும் வேர்க்கடலையும் கொறிக்கும் பெரியவர்கள் ஒரு பக்கம். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக் கொண்டு தண்ணீரை நோக்கி ஓடும் பிள்ளைகள் மறுபக்கம். ‘தம்பி, தூரம் போகாதே!’ என்று உம்மா குரல் கொடுப்பார். பிள்ளையின் கண்ணோ இறங்குவதற்குத் தோதான இடத்தைத் தேடும். அலைகள் நுரைத்து விழுகின்ற இடத்தை விட்டுவிட்டு, இரண்டு நுரைப் பரப்புகளுக்கு இடையே சாதுவாகக் கிடக்கும் நீர்ப்பரப்பைத்தான் அது தேர்ந்தெடுக்கும். அங்கே அலை இல்லை, ஆரவாரம் இல்லை. ஆகவே ஆபத்தும் இல்லை என்பது பிள்ளையின் கணக்கு. பெற்றோரின் கணக்கும் பெரும்பாலும் அதுவே.

என் சிறு பருவத்தில் நானும் அவ்வாறே கணக்கிட்டவன். பரங்கிப்பேட்டைக்கும் நாகூருக்கும் இடைப்பட்ட கரையில் எங்களூர் இருந்தது. ஒரு பெருநாளின் மறுநாள் நாங்கள் நால்வர் அத்தகைய இடம் ஒன்றில் இறங்கினோம். கரையில் வலை பின்னிக் கொண்டிருந்த முதியவர் ஒருவர் வலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். எங்களைக் காதைப் பிடித்து இழுக்காத குறையாக வெளியேற்றினார். ‘அலை உடையற இடத்துல குளிடா, உடையாத இடத்துல இறங்காதே, அது வாய்க்கால், இழுத்துக்கிட்டுப் போயிடும்’ என்றார். எங்களுக்குச் சிரிப்பாகவும் கோபமாகவும் இருந்தது. கடலுக்குள் ஏது வாய்க்கால்? அடுத்த ஆண்டு அதே கரையில், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவைச் சேர்ந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கடல் கொண்டு போயிற்று. அவனுடைய உம்மா அதன் பிறகு கடற்கரைப் பக்கமே வந்ததில்லை.

அந்த முதியவர் சொன்னது எவ்வளவு துல்லியமான உண்மை என்பது பல ஆண்டுகளுக்குப் பின்னர்தான், கடற்கரை ஆராய்ச்சி குறித்த நூல்களைப் புரட்டியபோது எனக்கு விளங்கியது. அவருக்குத் தெரிந்திருந்ததை அறிவியல் எழுத்தில் வடித்தது 1930களில்தான்.

அதற்கு முன்னர் மேலை நாட்டவரும், கடலில் இறங்கியவர் மூழ்கிப் போனால், நீருக்கடியில் ஓடும் ஒரு நீரோட்டம் காலைப் பற்றி ஆழத்துக்கு இழுத்துவிட்டது என்றே நம்பி வந்தனர். கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிலையத்தில் பணியாற்றிய பிரான்சிஸ் ஷெப்பர்டு என்னும் நிலவியலாளர் 1936ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதி இந்நம்பிக்கையை மறுத்தார். ஆளைக் கொண்டு போவது அடியில் இழுக்கும் விசையன்று. கரையிலிருந்து கடலை நோக்கி மேற்பரப்பிலேயே ஓடும் குறுகிய நீரோட்டம் என்றார் அவர். ‘ரிப் கரண்ட்’ என்ற பெயர் அவரால்தான் ஆய்வுலகில் நிலைபெற்றது. நம் ஊர்களில் ‘இழுப்பு’ என்று வழங்கும் சொல்லே நமக்குப் போதும். 1941ஆம் ஆண்டு ஷெப்பர்டும் அவருடைய இரு தோழர்களும் எழுதிய விரிவான கட்டுரையில் இழுப்பின் உருவம் வரையறுக்கப்பட்டது: கரையை ஒட்டி இரு புறமிருந்தும் நீரைக் கொண்டு வந்து சேர்க்கும் ஓட்டங்கள், அவை ஒன்றுகூடிக் கடலை நோக்கிப் பாயும் குறுகிய கழுத்து, அலை உடையும் பகுதியைத் தாண்டியதும் விரிந்து வேகம் இழக்கும் தலை. முதியவர் சொன்ன வாய்க்கால் அந்தக் கழுத்துதான்.

இது ஏன் உண்டாகிறது? நம் வீட்டு மொட்டை மாடியை எண்ணிப் பாருங்கள். சுற்றிலும் கைப்பிடிச் சுவர். சுவரின் அடியில் ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் வெளியேறும் துளை. அடைமழை பெய்கிறபோது மாடியெங்கும் நீர் மெல்லப் பரவி நிற்கும். துளையருகில் மட்டும் அது வேகங்கொண்டு பாயும். கடற்கரையிலும் இதுதான் நிகழ்கிறது. அலைகள் உடைந்து ஓயாமல் நீரைக் கரையை நோக்கித் தள்ளுகின்றன. கரையோரத்தில் நீர்மட்டம் சற்றே உயர்ந்து நிற்கிறது. அந்த நீர் திரும்பியாக வேண்டுமே! கரைக்கு இணையாக நீருக்குள் மறைந்து கிடக்கும் மணல்திட்டு கைப்பிடிச் சுவரைப் போலத் தடுக்கிறது. திட்டில் எங்கே பள்ளமோ அங்கே நீர் திரண்டு வெளியேறுகிறது. பள்ளத்தில் ஆழம் மிகுதி. ஆழமான நீரில் அலை எளிதில் உடைவதில்லை. எனவே வெள்ளை நுரைக்கு நடுவே கருமையாகவும் அமைதியாகவும் தோன்றும் பட்டை எதுவோ, அதுவே கடலின் வடிகால். கரையில் நிற்பவனுக்கு அது பாதுகாப்பான இடமாகத் தெரிவதுதான் இதிலுள்ள கொடுமை.

இவ்வோட்டத்தின் வேகம் சாதாரண நாளில் வினாடிக்கு அரை மீட்டர் அளவில் இருக்கும். கொந்தளிப்பான நாளில் 2 மீட்டரையும் தாண்டும். 100 மீட்டர் நீச்சலில் உலகச் சாதனை புரிந்தவர்களின் வேகமே வினாடிக்கு 2 மீட்டருக்குச் சற்று மேல்தான் என்பதை நினைவில் கொள்க. ஆஸ்திரேலியாவில் சுறா மீன் தாக்குதல், வெள்ளம், புயல், காட்டுத் தீ ஆகியவற்றால் ஆண்டுதோறும் இறப்போரைக் கூட்டினாலும், இழுப்பில் சிக்கி இறப்போர் தொகைக்கு ஈடாகவில்லை என்று அந்நாட்டு ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டு கணக்கிட்டுக் காட்டினர். சுறாவுக்கு அஞ்சும் உலகம் இதற்கு அஞ்சுவதில்லை.

மணலையும் அலையையும் ஆராய்வதற்கு அரசுகள் பெரும் பொருள் செலவிடத் தொடங்கியது உயிர் காக்கும் எண்ணத்தால் அன்று, போருக்காக. இரண்டாம் உலகப் போரில் படைகளைப் பகைவர் கரையில் இறக்க வேண்டியிருந்தது. அலை எவ்வளவு உயரும் என்பதை முன்கூட்டியே கணிக்கும் முறையை ஹரால்டு ஸ்வெர்ட்ரப், வால்டர் மங்க் என்ற இரு கடலியலாளர்கள் உருவாக்கினர். நார்மண்டிக் கரையின் மணல் கனத்த ஊர்திகளைத் தாங்குமா என்பதை அறிய, 1943ஆம் ஆண்டின் கடைசி இரவில் பிரிட்டிஷ் வீரர் இருவர் இருளில் நீந்திச் சென்று, காவலர்களின் கண்ணில் படாமல் மணல் மாதிரிகளை எடுத்து வந்தனர். புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் பகைவர் கவனம் தளர்ந்திருக்கும் என்பது கணக்கு. கைப்பிடி மணலுக்காக உயிரைப் பணயம் வைத்த வரலாறு இது.

போர் முடிந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், 1964ஆம் ஆண்டு, லாங்கெட் ஹிக்கின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணிதரும் ஸ்டூவர்ட் என்ற அவருடைய தோழரும் வெளியிட்ட கட்டுரையே இத்துறையின் அடித்தளமாயிற்று. அலை தன்னோடு ஒரு தள்ளுவிசையைச் சுமந்து வருகிறது. அது உடையும்போது அவ்விசை நீர்மீது இறங்குகிறது என்பதைக் கணக்கிட்டுக் காட்டினர். கரையோரம் நீர்மட்டம் உயர்வதும், சாய்வாக வரும் அலை கரையை ஒட்டி நீரோட்டத்தை உண்டாக்குவதும், இழுப்பு பிறப்பதும் அந்த ஒரே விசையின் விளைவுகளே.

கணக்குப் போடுவது ஒன்று, கடலில் அளந்து பார்ப்பது வேறொன்று. அலை உடையும் பகுதியில் எந்தக் கருவியை வைத்தாலும் ஒரே புயலில் நொறுங்கிவிடும். படகு நிற்காது, மனிதன் நிற்க முடியாது. இதற்கென்றே அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டக் என்னும் சிற்றூரில் 1977ஆம் ஆண்டு, கடலுக்குள் 560 மீட்டர் நீளும் ஆய்வுப் பாலம் ஒன்று அமைக்கப்பட்டது. அங்கே பயன்பட்ட ஊர்தி வேடிக்கையானது. 35 அடி உயரமுள்ள இரும்பு முக்காலி. ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு சக்கரம். உச்சியில் ஓட்டுநர் அமரும் மேடை. அலைகளுக்கு நடுவே நெடுங்கால் நாரையைப் போல நடந்து சென்று கடலடி மணலின் மேடுபள்ளங்களை அது அளந்து வந்தது.

அவ்வாறு அளந்ததில், நீருக்குள் கிடக்கும் மணல்திட்டு ஓரிடத்தில் நிற்பதில்லை என்பது ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தது. புயல் நாட்களில் அது கடல்பக்கம் விரைந்து பெயர்கிறது; கடல் அடங்கிய பின்னர் வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கரைக்குத் திரும்புகிறது. புயலின்போது மணலை வெளியே கொண்டு போவது, உடைந்த அலையின் நீர் அடிப்பக்கமாகத் திரும்பும் ஓட்டம். ஆக, பழைய மக்கள் நம்பிய அடிநீரோட்டம் முற்றிலும் பொய்யன்று. ஆளை விழுங்கும் பழி மட்டுமே அதன்மீது தவறாகச் சுமத்தப்பட்டிருந்தது! மணல் கரைக்குத் திரும்பும் புதிர் இன்னும் நெடுநாள் நீடித்தது. ஒவ்வோர் அலையின் முன்முகமும் திடுமென விரைந்து வருகின்ற அந்த நொடிப்பொழுது உந்துதலே மணலைக் கிளப்பிக் கரைப்பக்கம் தள்ளுகிறது என்று ஹோபல், எல்கர் என்ற இருவர் 2003ஆம் ஆண்டு, டக் ஊரின் அளவைகளைக் கொண்டே விளக்கம் கூறினர்.

எனக்கு மிகவும் பிடித்தது சிட்னி நகரின் வடக்கே உள்ள நாரபீன் கடற்கரையின் கதை. ஆண்டி ஷார்ட் என்ற ஆய்வாளர் 1976ஆம் ஆண்டு ஏப்ரலில் அங்கே ஐந்து இடங்களில் கரையின் சரிவை அளக்கத் தொடங்கினார். மாதந்தோறும் அதே ஐந்து இடங்கள். கைக்குக் கிடைத்த எளிய கருவிகளே அவருக்குப் போதுமானவையாக இருந்தன. பொறுமை மட்டுமே அரிய பொருள். ஒருவர் கை ஓய்ந்தபோது மற்றவர் ஏற்று, அவ்வளவை நாற்பது ஆண்டுகளையும் தாண்டித் தொடர்ந்தது. 2016ஆம் ஆண்டு ஜூன் மாதப் புயலில் அக்கரையின் தென்பகுதியில் வீடுகளின் முற்றங்கள் சரிந்தன. ஒரு வீட்டின் நீச்சல் குளம் அப்படியே பெயர்ந்து மணலில் விழுந்து கிடந்த படம் உலகெங்கும் வெளியாயிற்று. எவ்வளவு மணல் போயிற்று, எவ்வளவு மெதுவாகத் திரும்பியது என்று சொல்ல அங்கே நீண்ட ஏடு இருந்தது. பெரும்பாலான கடற்கரைகளுக்கு அப்படியோர் ஏடு கிடையாது.

ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராப் ஹோல்மன் 1980களில் இன்னும் எளிய வழி ஒன்று கண்டார். உயரமான இடத்தில் கேமராவை வைத்து, பத்து நிமிடக் கடற்காட்சியை ஒரே படமாகச் சேர்த்துவிடுவது. தனித்தனி அலைகள் மறைந்து போகும்; அலைகள் அடிக்கடி உடையும் மணல்திட்டுகள் வெண்பட்டைகளாகவும், இழுப்புள்ள பள்ளங்கள் கரிய இடைவெளிகளாகவும் துலங்கும். கரையில் நின்று பத்து நிமிடம் கண்ணிமைக்காமல் பார்த்தால் நமக்கும் அது தெரியும். கேமரா செய்வதை, வலை பின்னும் கைக்கு மேலாக அடிக்கொரு தரம் கடலை நோக்கிய அந்த முதியவரின் கண்கள் அறுபது ஆண்டுகள் செய்திருந்தன.

இழுப்பில் சிக்கினால் என்ன செய்வது? கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தித் தப்புக என்பதே பல்லாண்டுகளாகச் சொல்லப்பட்ட அறிவுரை. 2007ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் மக்மஹன், தார்ன்டன் முதலிய ஆய்வாளர்கள், இடங்காட்டும் கருவி பொருத்திய மிதவைகளை இழுப்பில் விட்டுப் பார்த்தனர். அவற்றில் பெரும்பாலானவை ஆழ்கடலுக்குப் போகாமல், சுழன்று சில நிமிடங்களில் ஆழமற்ற மணல்திட்டின் மேலேயே வந்து சேர்ந்தன. ஆகவே அசையாமல் மிதந்திருப்பதே நல்லது என்று ஒரு சாரார் கூறினர். ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் செய்த ஆய்வுகளில் எல்லா இழுப்பும் அப்படிச் சுழல்வதில்லை என்று தெரிந்தது. சில நேரே வெளியே கொண்டு போய்விடும். எல்லாக் கரைக்கும் பொருந்தும் ஒரே வழி இல்லை என்பதே ஆய்வாளர்கள் வந்து சேர்ந்த இடம். எல்லோரும் ஒத்துக்கொள்வது ஒன்று: ஓட்டத்தை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தக் கூடாது. அங்கே உயிரைக் குடிப்பது நீரின் வேகத்தை விடக் களைப்பும் கலக்கமுமே. மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்டு, இழுப்பு தளர்ந்ததும் அலை உடையும் பக்கமாக ஒதுங்க வேண்டும். அந்த அலைகளே கரைக்குத் தள்ளி வரும்.

இவையெல்லாம் நீந்தத் தெரிந்தவர்களுக்கு. நம் வீட்டுப் பெண்களிலும் பிள்ளைகளிலும் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? அவர்களுக்குக் கணுக்கால் நீரே எல்லை. இடுப்பளவு நீரில் நிற்கும் குழந்தையைத் திரும்பும் அலை புரட்டிவிட்டால் அதன் காலுக்கடியில் தரை இராது. ஈரத்தில் கனக்கும் நீண்ட ஆடைகளும் துணை செய்வதில்லை. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருவர் இழுக்கப்படுவதைக் கண்டதும் அண்ணன் பாய்வதும், அவனைக் காக்க வாப்பா பாய்வதுமாக ஒரே குடும்பத்தில் இருவர் மூவரை இழந்த செய்திகளை ஏடுகளில் படிக்கிறோம். மூடிய காலிக் கேன், பந்து, டியூப் என மிதக்கும் எதையாவது எறிந்துவிட்டு, மீனவர்களைக் கூவி அழைப்பதே அந்நேரத்தில் செய்யத்தக்கது. அதிராம்பட்டினம், தொண்டி போன்ற பாக் நீரிணைக் கரை வாசகர்களுக்கு இவ்வச்சம் மிகையாகத் தோன்றலாம். இலங்கை ஒரு சுவராக நின்று பெருங்கடல் அலையைத் தடுப்பதால் அங்கே கடல் குளம்போலக் கிடக்கிறது. அந்தக் கடலில் பழகியவர்கள் சென்னைக்கு வரும்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும்.

சென்னை என்றதும் இன்னொரு செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. துறைமுகம் அமைவதற்கு முன்னர் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, மசூலாப் படகுகளே அலை உடையும் பகுதியைக் கடந்து மக்களையும் சரக்கையும் கரை சேர்த்தன. ஆணி ஒன்றும் இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. அலை அறைந்தால் உடையாமல் நெளிந்து கொடுக்கும். 1870களின் நடுவே அங்கே துறைமுகச் சுவர்கள் எழத் தொடங்கின. 1881ஆம் ஆண்டுப் புயல் அவற்றைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். கடல் அதற்கு வேறு விதமாக விலை கேட்டது.

கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக் காலம் முழுவதும் அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மோதுகின்றன. ஒவ்வோர் அலையும் மணலைச் சாய்வாக மேலேற்றி, நேராகக் கீழிறக்கி, வடக்கு நோக்கி ஓரடி தள்ளி வைக்கிறது. வடகிழக்குப் பருவத்தில் மணல் தெற்கே திரும்பினாலும், ஆண்டுக் கணக்கில் வடக்கே செல்வதே மிகுதி. கரை நெடுகிலும் கண்ணுக்குத் தெரியாத மணல் ஆறு ஒன்று ஓடுகிறது எனலாம். துறைமுகச் சுவர் அந்த ஆற்றை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து, ஒரு காலத்தில் கோட்டையின் பக்கமே இருந்த கடல் விலகி, நாம் வியக்கும் மெரினாவின் அகன்ற பரப்பு உருவாயிற்று. வடக்கே வர வேண்டிய மணல் வராததால் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகள் அரிக்கப்பட்டன. மீனவர் குடியிருப்புகளின் வரிசைகள் கடலுக்குள் போயின. எண்ணூர் நெடுஞ்சாலையைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டிக் கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. மாலைக் காற்று வாங்க மெரினாவுக்கு வருகிற நாம், அம்மணல் யாருடைய வாசலுக்குப் போய்ச் சேர வேண்டியது என்று எண்ணியதுண்டா?

புதுச்சேரியிலும் 1980களின் பிற்பகுதியில் துறைமுக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்த பின்னர் நகரின் மணற்கரை மறைந்து, கற்குவியலே கரையாயிற்று. 2018ஆம் ஆண்டு தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு அருகே ஆப்பு வடிவில் ஒரு செயற்கைத் திட்டை நீருக்குள் அமைத்த பிறகு, ஒரு பகுதியில் மணல் மீண்டும் சேர்ந்தது. ஆனால் ஓரிடத்தில் மணலைப் பிடித்தால் அடுத்த ஊருக்குக் குறைகிறது என்ற கணக்கு எங்கும் மாறுவதில்லை. 1990 முதல் 2016 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து, சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, இந்தியக் கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிக்கப்பட்டு வருவதாகவும், தமிழகத்தில் அது 100க்கு 40ஐத் தாண்டுவதாகவும் கூறிற்று.

அரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு என்று ஊர்மக்கள் அழைக்கும் கல் சுவர்களைக் கடலுக்குள் நீட்டுகிறார்கள். அவற்றின் ஓரத்திலும் நீர் மோதித் திரும்பி, சுவரை ஒட்டியே வெளியே பாய்கிறது. மணல்திட்டின் பள்ளம் இடம் மாறிக் கொண்டிருக்கும். சுவரோரத்து இழுப்போ சுவர் உள்ளவரை அங்கேதான் இருக்கும். எங்களூர்க் கரையிலும் இப்போது அத்தகைய சுவர் ஒன்று இருக்கிறது. சென்ற முறை போயிருந்தபோது, அதன் நிழலில் அலையடங்கிய நீரைத் தேர்ந்து சிறுவர்கள் குளித்துக் கொண்டிருந்தார்கள். நான் கத்திக் கூப்பிட்டேன். வயதானவருக்கு எதற்கு இந்த வேலை என்பது போல அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆயினும் ஏறி வந்துவிட்டார்கள்.